சரியான விடைக்குத் தப்புப் போட்டவன் எழுதும் மடல்

பள்ளி அறிவியல் பாடநூல்களை எழுதுவோருக்கும், அவற்றுக்குப் படம் வரைவோருக்கும், விடைக்குறிப்பு தயாரிப்போருக்கும்,

வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாக நீங்கள் எழுதிய புத்தகங்களை வைத்துப் பாடம் நடத்தி வரும் உயிரியல் ஆசிரியன் நான். உங்கள் வேலை எவ்வளவு சிரமம் என்று தெரியும். நானூற்று அறுபது கோடி வருடப் பூமியின் கதையை நாலு பக்கத்தில் அடக்கச் சொன்னால் யாருக்கும் கை நடுங்கும். ஆகவே சண்டைக்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். புத்தகத்துக்குப் புத்தகம் சொற்கள் கொஞ்சம் மாறினாலும் சாரம் ஒன்றுதான்: "டைனோசர்கள் அழிந்ததோடு ஊர்வனவற்றின் காலம் முடிந்து, பாலூட்டிகளின் காலம் தொடங்கியது."

போன வருட அரையாண்டுத் தேர்வில் இதை ஒட்டி ஒரு மதிப்பெண் வினா வந்தது. டைனோசர்கள் அழிந்தபின் பூமியில் ஆதிக்கம் செலுத்திய விலங்குகள் யாவை? விடைக்குறிப்பில் ஒரே சொல், பாலூட்டிகள். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "பாம்பு, முதலை, ஆமை. சில இடங்களில் மட்டும்." நான் குறிப்பைப் பார்த்தேன், சிவப்புப் பேனாவால் ஒரு தப்புப் போட்டேன், அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

தாள் கொடுத்த அன்று அவள் மேசையருகே வந்து நின்றாள். "புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுதும்மா" என்றேன். "புத்தகத்துல முதலை செத்துப்போச்சுன்னு எங்கயுமே இல்லையே சார்" என்றாள். குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது, பிழைத்தேன்.

அன்று தொடங்கிப் படித்ததைத்தான் உங்கள்முன் வைக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று உறுதியானது. அந்தப் பிள்ளை எழுதிய விடை சரி. அதிலும் "சில இடங்களில் மட்டும்" என்று சேர்த்தாளே, உங்கள் புத்தகத்திலும் என் பாடக்குறிப்பிலும் இல்லாத நிதானம் அந்த மூன்று சொற்களில் இருந்தது.

முதலில் உங்கள் வாக்கியத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் ஒரு விண்கல் மோதியது. அந்த சிக்சுலுப் பள்ளத்தின் குறுக்களவு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பறவைகளின் மூதாதையர் நீங்கலாக டைனோசர்கள் எல்லாம் போயின. வானத்தில் பறந்த டெரோசர்கள் போயின. கடலில் திரிந்த மோசசார்களும் பிளிசியோசார்களும் போயின. இவையெல்லாம் ஊர்வனதாம். இழப்பு பெரிது, மறுப்பதற்கில்லை. எலி, பெருச்சாளி அளவில் ஒதுங்கிக் கிடந்த பாலூட்டிகளுக்கு வழி திறந்தது என்பதும் உண்மை.

ஆனால் நாலு வீடு இடிந்தால் தெருவே போய்விட்டது என்று எழுதுவோமா? முதலைக் குடும்பம் தப்பியது. ஆமை தப்பியது. பாம்பும் பல்லியும் தங்கள் இனங்களில் பெரும்பகுதியை இழந்தாலும் வம்சத்தைக் காப்பாற்றிக்கொண்டன. எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். வானம் தூசியால் இருண்டபோது பச்சைச் செடியை நம்பிய விலங்குகளும், அவற்றைத் தின்று வாழ்ந்த விலங்குகளும் வரிசையாக விழுந்தன. ஆற்றிலும் குளத்திலும் கணக்கு வேறு. அங்கே உணவுச் சங்கிலியின் அடியில் இருப்பது அழுகிய இலையும் மக்கிய குப்பையும். வெயில் இல்லாவிட்டாலும் குப்பை இருக்கும், குப்பையைத் தின்னும் புழு இருக்கும், புழுவைத் தின்னும் மீன் இருக்கும். மீனைத் தின்னும் முதலையோ ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து மாதக்கணக்கில் ஓட்டக்கூடிய பிராணி. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது உணவைச் செலவழிப்பதில்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும். குளிர் இரத்தம் என்றாலே ஏதோ குறைபாடு போலப் பாடம் நடத்தியவன் நான். பஞ்ச காலத்தில் கொஞ்சமாகத் தின்பவன்தான் தப்புவான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தப்பியவை அதற்கப்புறம் என்ன செய்தன? இங்கேதான் உங்கள் புத்தகம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. நான் இரண்டு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன்.

முதல் சுரங்கம் கொலம்பியாவின் வடகோடியில், செரெஹோன் என்ற இடத்தில். உலகத்தின் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களில் ஒன்று. அங்கே கிடைத்த எலும்புகள் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போயின. சில எலும்புகள்மேல் முதலை என்று அடையாளம் எழுதப்பட்டிருந்தது. பொட்டலம் பிரித்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு முள்ளெலும்பைப் பார்த்ததும் உறுத்தியது. இது முதலை இல்லையே, பாம்பு மாதிரி இருக்கிறதே, ஆனால் பாம்புக்கு இவ்வளவு பெரிய எலும்பா? முள்ளெலும்பின் முன்பக்கம் கிண்ணம் போலவும் பின்பக்கம் உருண்டையாகவும் இருப்பது இன்றைய முதலைக்கும் உண்டு, பாம்புக்கும் உண்டு. பாம்புக்குக் கூடுதலாக, தச்சன் போடும் பூட்டுமாதிரி, ஓர் எலும்பின் நாக்கு அடுத்த எலும்பின் குழியில் செருகி நிற்கும். அது இருந்தால் பாம்புதான். இருந்தது. 2009-ல் அறிவித்தார்கள், டைட்டனோபோவா செரெஹோனென்சிஸ். வயது 5.8 முதல் 6 கோடி ஆண்டுகள். நீளம் சுமார் 13 மீட்டர், எடை சுமார் 1,135 கிலோ என்று மதிப்பிட்டார்கள். மண்டையோட்டுத் துண்டுகள் பின்னால்தான் கிடைத்தன. பற்களின் அமைப்பைப் பார்த்தவர்கள் இது பெரும்பாலும் மீன் தின்று வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டாவது சுரங்கம் இந்தியாவில், குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். 2005-ல் அங்கே சில முள்ளெலும்புகள் கிடைத்தன. கண்டெடுத்தவர் ரூர்க்கி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தொல்லுயிரியலாளர் சுனில் பாஜ்பாய். பெரிய எலும்பு, ஆகவே ஏதோ முதலையாக இருக்கும் என்று ஓரமாக வைத்தார்கள். பல வருடம் அப்படியே கிடந்தது. பிறகு தேபஜித் தத்தா என்ற ஆய்வாளர் அவற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் பாம்பென்று தெரிந்தது. 2024 ஏப்ரலில் பெயர் வெளியானது: வாசுகி இண்டிகஸ். பாற்கடலைக் கடையக் கயிறாகச் சுற்றிய அதே வாசுகிதான். மொத்தம் 27 முள்ளெலும்புகள், வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். நீளத்தை இரண்டு முறையில் கணக்கிட்டார்கள். ஒரு முறையில் 10.9 முதல் 12.2 மீட்டர் வந்தது, இன்னொரு முறையில் 14.5 முதல் 15.2 மீட்டர் வந்தது.

இரண்டு கண்டங்கள், இரண்டு சுரங்கங்கள், இரண்டு பாம்புகள். இரண்டையும் முதலில் முதலை என்றே நினைத்தார்கள். கண்ணெதிரே எலும்பு கிடந்தும் "பாம்பு இவ்வளவு பெரிதாக இருக்காது" என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது. எனக்கு இது ரொம்ப ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். விடைக்குறிப்பைப் பார்த்துத் தப்புப் போட்டவன் நான் மட்டுமில்லையே.

இரண்டும் நிலக்கரிச் சுரங்கமாக அமைந்தது தற்செயலும் இல்லை. நிலக்கரி என்பது ஒரு காலத்தில் சேற்றில் விழுந்து, காற்றுப்படாமல், மக்கவும் முடியாமல் அமுங்கிய காடு. எங்கே நிலக்கரி இருக்கிறதோ அங்கே ஒரு காலத்தில் சதுப்பு இருந்தது. சதுப்பு இருந்த இடத்தில் மீன், ஆமை, முதலை, பாம்பு. செரெஹோனில் அதே பாறையில் கிடைத்த ஆமையின் ஓடு மட்டும் 1.72 மீட்டர் நீளம். கார்போனமிஸ், அதாவது கரி ஆமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு நடுத்தர உயர மனிதன் அந்த ஓட்டுக்குள் கால் நீட்டிப் படுக்கலாம். உங்கள் புத்தகத்தில் நிலக்கரி ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது, ஊர்வன இன்னோர் அத்தியாயத்தில் இருக்கிறது, காலநிலை மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரே முள்ளெலும்பில் கோத்துக் காட்டலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதை வகுப்பில் நான் செய்து பார்த்தேன். செலவு ஒரு கயிறு, ஓர் அட்டை. வாசுகியின் முள்ளெலும்புகளில் மிகப் பெரியதன் அகலம் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே அகலத்துக்கு அட்டையில் வெட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கைகூட அதை மறைக்கவில்லை, என் கையும் சேர்த்துத்தான். "ஒரு எலும்புதான் சார் இவ்ளோ பெரிசா?" என்றான் ஒருவன். ஒரு பாம்புக்கு இருநூறிலிருந்து நானூறு முள்ளெலும்பு வரை இருக்கும் என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு விசில்.

பிறகு கயிறு. 15 மீட்டர் கயிற்றில் 11-ல் ஒரு முடிச்சு, 13-ல் ஒரு முடிச்சு போட்டேன். எங்கள் வகுப்பறை ஏழு மீட்டர்கூட வராது. கயிற்றின் ஒரு நுனியைக் கரும்பலகையடியில் ஒரு பையன் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டி, வராந்தாவில் திரும்பி, அடுத்த வகுப்பு வாசல்வரை போனார்கள். அங்கே கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது?" "பாம்பு சார்." கயிற்றைத் தாண்டிப் போக அவர் ஒரு கணம் தயங்கினார் என்று பிள்ளைகள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும்போது கணக்கு வாத்தியார் எம்மாத்திரம். எடைக்கு வேறு வழி பார்த்தோம். தலைக்கு 38 கிலோ என்று வைத்தால் முப்பது பிள்ளைகள் சேர்ந்து 1,140 கிலோ. வகுப்பு மொத்தமும் ஒரு டைட்டனோபோவா.

முடிச்சு எதற்கு என்று அந்த மாணவிதான் கேட்டாள். வாசுகி 11 மீட்டராகவும் இருக்கலாம், 15 மீட்டராகவும் இருக்கலாம். டைட்டனோபோவா நடுவில் நிற்கிறது. ஆகவே எது பெரிய பாம்பு என்று கேட்டால், தெரிந்த அளவில் சொல்ல முடியாது என்பதுதான் சரியான விடை. வாசுகியின் உடம்பில் நமக்குக் கிடைத்தது 27 முள்ளெலும்பு. மீதியை இன்றைய பாம்புகளின் அளவு விகிதத்தை வைத்துக் கணக்கிடுகிறோம், அவ்வளவுதான். இதே வகை மதிப்பீடு முன்பு குறைந்தும் இருக்கிறது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்து 1901-ல் பெயரிடப்பட்ட ஜைஜான்டோபிஸ் என்ற பாம்புக்கு நெடுங்காலம் பத்து மீட்டர் வரை நீளம் சொல்லி, உலகத்திலேயே பெரியது என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். 2017-ல் எலும்புகளை மறுபடி அளந்தவர்கள் அது ஏழு மீட்டரை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்றார்கள். பாடநூலில் ஒற்றை எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, அதையே கோடிட்ட இடமாகக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு தடவையாவது "இதிலிருந்து இதுவரை" என்று அச்சிட்டுப் பாருங்களேன். பிள்ளைகள் குழம்பமாட்டார்கள். என் வகுப்பில் குழம்பவில்லை.

வெப்பநிலை பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பின் உடல் சூடு வெளிக்காற்றிலிருந்து வருவது. உடம்பு பெரிதாகப் பெரிதாக, அதை ஓட்ட இன்னும் சூடான சுற்றுப்புறம் வேண்டும். டைட்டனோபோவாவின் பருமனை வைத்து, அன்றைய செரெஹோனின் ஆண்டு சராசரி வெப்பநிலை 30 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒரு பாம்பையே வெப்பமானியாக வைத்தது மாதிரி. இந்தக் கணக்கு சரிவராது என்று மறுத்தவர்களும் உண்டு. வாசுகியை வைத்துப் போட்ட கணக்கில் வந்தது சுமார் 28 டிகிரி. எப்படியானாலும் துருவங்களில் பனிக்கட்டி பேருக்கும் இல்லாத, சூடும் ஈரமுமான உலகம் அது. விண்கல் விழுந்த பிறகு பூமி பாலூட்டிக்கு ஏற்றபடி மாறிவிட்டது என்று நான் நடத்தியிருக்கிறேன். வெப்பமண்டலச் சதுப்பு ஊர்வனவற்றுக்கு ஏற்றபடிதான் இருந்தது.

"அது ஆரம்பகாலம், பின்னால் பாலூட்டிகள் வந்துவிட்டனவே" என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சமாதானம் தேடினேன். பெரு நாட்டின் நாபோ ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு கால் எலும்பு அந்தச் சமாதானத்தைக் கெடுத்தது.

அது ஒரு தரைவாழ் தேவாங்கின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு. தேவாங்கு என்கிறேன், நம் தேவாங்கு வேறு. தென்னமெரிக்காவின் ஸ்லோத் என்ற சோம்பல் விலங்கின் தரைவாழ் உறவு. வயது சுமார் 1.3 கோடி ஆண்டுகள். யானைக் குலம், குதிரைக் குலம், திமிங்கிலம் எல்லாம் தலையெடுத்துவிட்ட காலம், உங்கள் புத்தகப்படி பாலூட்டிகளின் காலத்துக்கு நடுமத்தி. அந்த எலும்பில் 46 பல் தடங்கள். எல்லாம் முதலைக் குலத்துப் பல். கடித்தது புருசாரஸ் என்ற பெருமுதலை. அதுவும் முழுசாக வளராத, நாலு மீட்டர் அளவிலான ஒரு குட்டி என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆறிய தழும்பு எதுவும் எலும்பில் இல்லை. கடிபட்டபின் அந்தப் பிராணி பிழைக்கவில்லை.

நாலு மீட்டர் என்றால் குட்டி. அப்படியானால் தாய்? புருசாரஸ் 1892-லேயே பிரேசிலில் பெயரிடப்பட்டது, புருஸ் ஆற்றை வைத்து. அதில் பெரிய இனத்துக்கு 2015-ல் வந்த ஒரு கணக்கு 12.5 மீட்டர் நீளம், 8 டன்னுக்கு மேல் எடை, ஏழு டன் அளவுக்குக் கடிவிசை என்றது. பிறகு வந்த சில கணக்குகள் நீளத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. குறைத்தாலும் இன்றைய உப்புநீர் முதலையைவிடக் கனமான உருப்படிதான். அதன் கூடவே வாழ்ந்த மற்றொரு முதலையின் வாய் வாத்தலகு போலத் தட்டையாக, அகலமாக இருந்தது. இன்னொன்றின் வாய் நம் கரியாலுக்கு இருப்பதுபோல ஒல்லியாக நீண்டது. சிப்பியை நொறுக்குவதற்கென்றே மொட்டைப் பல் வைத்த முதலைகளும் இருந்தன. பெருவில் இகிடோஸ் பக்கத்தில் ஒரே பாறைப்படுகையில் ஏழு முதலையினங்கள் ஒன்றாகக் கிடைத்தன. இன்று உலகில் எங்கு தேடினாலும் ஒரே நீர்நிலையில் ஏழு இனம் கிடைக்காது.

அதே காலத்தை ஒட்டித் தென்னமெரிக்க நீர்நிலைகளில் வாழ்ந்த ஓர் ஆமையின் பெயர் ஸ்டுபெண்டமிஸ். 1976-ல் வெனிசுவேலாவின் உருமாக்கோவிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. 2020-ல் இன்னும் முழுமையான ஓடுகள் கிடைத்தன. ஓட்டின் நீளம் 2.4 மீட்டரைத் தொட்டது. சில ஓடுகளில் கழுத்துக்கு இருபுறமும் முன்னோக்கி நீட்டிய கொம்பு. அது ஆண் ஆமை என்று கருதுகிறார்கள், ஒன்றையொன்று முட்டிச் சண்டை போட வைத்திருந்திருக்கலாம். அத்தனை பெரிய ஓட்டிலும் முதலை கடித்த தடம் இருக்கிறது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள், இந்த ஆமை புக வீட்டையே கொஞ்சம் இடிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரில்தான் ஊர்வன, தரை முழுதும் பாலூட்டி என்றும் சொல்லிவிட முடியாது. தென்னமெரிக்காவில் செபேசிட் என்ற முதலைக் குலம் நிலத்திலேயே நடந்து வேட்டையாடியது. மண்டை மேல்கீழாக உயரமானது, பல் கத்திபோலத் தட்டையாக, ஓரத்தில் அரம்போல வெட்டு வெட்டாக இருக்கும். தனிப் பல்லாகக் கிடைத்தால் டைனோசர் பல் என்று ஏமாற வாய்ப்புண்டு. இந்தக் குலத்தில் பரினாசூக்கஸ் என்ற பேருரு, டைனோசர்கள் போய் ஐந்து கோடி ஆண்டுக்கு மேலாகியும் உலாவியது.

ஆஸ்திரேலியாவில் கதை நம் காலத்துக்கு இன்னும் நெருக்கம். மெகலானியா என்ற பெரிய உடும்பு. உடும்பென்றே சொல்லலாம், இன்றைய உடும்புகளின் பேரினத்திலேயேதான் அதையும் வைத்திருக்கிறார்கள். நீளம் நாலரை மீட்டரிலிருந்து ஏழு மீட்டர்வரை பலவிதமாகச் சொல்கிறார்கள். இன்றைய கொமோடோ உடும்பு மூன்று மீட்டர். மெகலானியா மறைந்து சுமார் 50,000 ஆண்டுகள்தான் ஆகிறது. ஆஸ்திரேலியாவில் முதலில் காலெடுத்து வைத்த மனிதர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம். 1859-ல் இதற்குப் பெயர் வைத்தவர் ரிச்சர்டு ஓவன். 1842-ல் "டைனோசர்" என்ற சொல்லையே உண்டாக்கிய அதே ஓவன். அவர் செய்த இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் உங்கள் புத்தகம் எடுத்துக்கொண்டது.

சிவாலிக் மலையடிவாரத்து ராட்சத ஆமையை ஒரு வரியில் சொல்லி முடிக்கிறேன். ஃபால்கனர், காட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1844-ல் அதை விவரித்தபோது, உலகைத் தாங்கும் ஆமை என்ற புராணக் கதைக்கும் இதற்கும் தொடர்பிருக்குமோ என்று யோசித்திருக்கிறார்கள். கூர்மாவதாரத்தைப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மறப்பார்களா?

இத்தனையும் எங்கே போயின? ஒரே நாளில் போகவில்லை, விண்கல்லும் விழவில்லை. அதனாலேயே இது பாடத்தில் இடம்பெறாமல் போயிருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம். வெடித்துச் சிதறும் முடிவுதான் படம் வரைய வசதி. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி குளிரத் தொடங்கியது, அண்டார்டிகாவில் பனி படிந்தது. பெரும்பாம்புகளும் பெருமுதலைகளும் வாழத்தக்க இடங்கள் சுருங்கின. தென்னமெரிக்காவின் மேற்கில் மட்டும் பெபாஸ் என்ற மாபெரும் சதுப்புத் தொகுதி ஒரு கோடி ஆண்டுக்கு மேல் நீடித்தது. ஆண்டீஸ் மலை எழும்ப எழும்ப அந்தத் தண்ணீர் கிழக்கே திரும்பி, இன்றைய அமேசான் ஆறாக ஓட ஆரம்பித்தது. சதுப்பு வடிந்தது, புருசாரஸும் வடிந்தது. மெகலானியாவின் முடிவில் வறட்சிக்குப் பங்கு எவ்வளவு, மனிதருக்குப் பங்கு எவ்வளவு என்று இன்னும் வாதம் நடக்கிறது.

முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. இன்று உயிரோடிருக்கும் ஊர்வன இனங்கள் 12,000-க்கும் மேல். பாலூட்டி இனங்கள் 6,500-ஐ ஒட்டி. "காலம்" யாருடையது என்று தலை எண்ணிச் சொல்வதானால் விடைக்குறிப்பு இன்னும் சிக்கலாகும். டைனோசர் வழிவந்த பறவைகளையும் எண்ணினால் கேட்கவே வேண்டாம்.

இனி என் கோரிக்கைகள். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, "டைனோசர்கள் அழிந்தபின் பாலூட்டிகள் பெருகின. வெப்பமண்டலச் சதுப்புகளிலும் ஆறுகளிலும் பாம்பு, முதலை, ஆமை ஆகியவை ராட்சத உருவெடுத்துப் பல கோடி ஆண்டுகள் கோலோச்சின" என்பதுபோல எழுதுங்கள். பக்கத்தில் வரி அதிகமாகாது, அளந்து பார்த்துவிட்டேன். படம் வரைபவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். காலக்கோட்டுப் படத்தில் விண்கல்லுக்கு இடப்பக்கம் முழுக்கப் பல்லி உருவங்கள், வலப்பக்கம் முழுக்க ரோமம் வைத்த உருவங்கள் என்று இருக்கிறதே, அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு முதலையை வரையுங்கள். முன்கால் இந்தப்பக்கம், வால் அந்தப்பக்கம் இருந்தால் இன்னும் அழகு. பாம்புகள் இரண்டுக்கும் ஒரு பெட்டிச்செய்தி ஒதுக்கினால், அவை கிடைத்த சுரங்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள், முதலை என்று தப்பாக நினைத்ததையும் எழுதுங்கள். அறிவியலாளர்கள் தப்புச் செய்து திருத்திக்கொண்ட இடங்களை நம் புத்தகங்கள் துடைத்துவிடுகின்றன. பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த இடம்தான்.

விடைக்குறிப்பு தயாரிப்பவருக்கு: வினாவைத் தூக்கிவிடுங்கள். தூக்க மனமில்லையென்றால் "எங்கே?" என்று ஒரு சொல் சேர்த்து, மதிப்பெண்ணை இரண்டாக்குங்கள்.

அந்த மாணவியின் விடைத்தாளை மறுபடி கேட்டு வாங்கினேன். தப்புக் குறியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரி போட்டு, கையெழுத்தும் தேதியும் வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் முதல் பக்கத்தைத் திருப்பினாள். "சார், டோட்டல் மாத்தலையே" என்றாள். பதிவேட்டில் ஏற்றிய மதிப்பெண்ணை மாற்ற விதி இடம் தராது என்று விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த விதி பிடிக்கவில்லை. இந்த மடலின் ஒரு நகலை அவளிடம் கொடுக்கப் போகிறேன். உங்களிடமிருந்து பதில் வந்தால் அதையும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியன்